ஏ.பி. வகுப்பு: எதை எடுப்பது, எதை விடுப்பது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், நம்மவர் வீடுகளில் பொங்கல் கழிந்து தை மாதம் பாதி ஓடியிருக்கும் குளிர்கால நாட்களில்தான், மாணவர்களின் கைக்கு அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்து சேருகிறது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை மேல்நிலைப் பள்ளியில் ஒரு குரூப்பில் சேர்ந்துவிட்டால், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு என்ன படிப்பது என்ற கேள்வியே எழுவதில்லை. அமெரிக்காவிலோ, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலுள்ள நான்கு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு ஆறோ ஏழோ பாடங்களை மாணவனே பொறுக்கியெடுக்க வேண்டியிருப்பதோடு, அவற்றில் ஒவ்வொன்றையும் எந்தத் தரத்தில் படிப்பது, சாதாரண வகுப்பிலா, ஆனர்ஸ் எனப்படும் சற்றுக் கடினமான வகுப்பிலா, அல்லது ஏ.பி. என்று எல்லோரும் சுருக்கமாக வழங்கும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வகுப்பிலா என்பதையும், தாய் தந்தையரோடும் பள்ளியிலுள்ள கவுன்சிலரோடும் கலந்து, அவனே தீர்மானித்தாக வேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் வைக்கப்படும் இந்தப் பொறுப்பு சாமான்யமானதல்ல.

நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்கு பழகிப்போன விஷயம். பேத்தி இந்த வருஷம் மூன்று ஏ.பி. எடுத்திருக்கிறாள் என்ற செய்தி தொலைபேசி வழியாக மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் வந்துவிடுகிறது. அது இன்னதென்று விளக்கிச் சொல்வார்தாம் இல்லை. எத்தனை எடுத்தால் நல்ல கல்லூரியில் இடம் கிடைக்கும், அடுத்த வீட்டுப் பையன் எத்தனை எடுத்திருக்கிறான், நம் பிள்ளை ஒன்று குறைத்து எடுத்தால் பின்தங்கிப்போவானோ என்று, ஒரு குழந்தையின் கல்வியைப் பற்றிய பேச்சு முழுவதும் ஓர் எண்ணிக்கையாகச் சுருங்கிப்போவதைப் பல குடும்பங்களில் கண்டு நான் வருந்தியதுண்டு. எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எதை, எந்த அஸ்திவாரத்தின் மீது, யாரிடம், எந்தப் பொழுதில் என்று கேட்கத் தொடங்கினால், இந்தப் பிரச்சினையில் பாதி தானாகவே தெளிந்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த ஏற்பாடு எதற்காக உண்டாயிற்று என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், ஃபோர்டு அறக்கட்டளையின் பொருளுதவியைக் கொண்டு, ஆண்டோவர், எக்ஸிடர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பிரசித்தி பெற்ற பள்ளிகளின் ஆசிரியர்களும், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று சர்வகலாசாலைகளின் ஆசிரியர்களும் ஒன்றுகூடி, பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளையும் கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துவைத்து ஆராய்ந்தார்கள். பள்ளியிலே ஆழ்ந்து படித்துவிட்டு வந்த மாணவன், கல்லூரியில் நுழைந்ததும் அதே பாடத்தை மறுபடி கேட்க நேர்ந்து சலிப்படைகிறான் என்பது அவர்கள் கண்ட குறை. 1952இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, அத்தகைய மாணவர்களைத் தேர்வு வைத்துச் சோதித்து, கல்லூரியில் தகுந்த படியிலே அமர்த்த வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் சால்மர்ஸ் முன்னின்று நடத்த, வேறு சில கல்லூரிகளும் அதே காலத்தில் இதே வழியில் முயன்று வந்தன. 1955இல் காலேஜ் போர்டு என்ற லாபநோக்கமற்ற ஸ்தாபனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, 1956 மே மாதத்தில் முதல் தேர்வை நடத்தியபோது, எழுதியவர்கள் சுமார் 1,200 பேர். 2019இல் எழுதியவர்கள் சுமார் 28 லட்சம் பேர், அவர்கள் எழுதிய தேர்வுகளோ 50 லட்சத்துக்கும் மேல். கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை எந்தப் படியில் உட்கார வைப்பது என்பதற்காகத் தோன்றிய ஒரு முறை, இடம் கிடைப்பதற்கே வேண்டிய ஒரு தகுதியாகக் காலப்போக்கில் மாறிவிட்டது என்பதுதான் இந்த எழுபது ஆண்டுச் சரித்திரத்தின் சாரம்.

இன்றுள்ள ஏற்பாட்டின்படி, நுண்கணிதம், புள்ளியியல், பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிப்பொறி அறிவியல், அமெரிக்க வரலாறு, உலக வரலாறு, ஆங்கிலம், பொருளியல், மனோதத்துவம், ஓவியம், அயல்மொழிகள் என்று சுமார் 40 பாடங்கள் உள்ளன. பள்ளியில் ஆண்டு முழுவதும் வகுப்பு நடக்கிறது; மே மாதத்தில் இரண்டு வாரங்களுக்கு நாடெங்கும் ஒரே சமயத்தில் தேர்வு நடக்கிறது. ஒரு தேர்வுக்குக் கட்டணம் சுமார் 100 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. விரித்து எழுதிய விடைகளைத் திருத்துவதற்கென்று ஜூன் மாதத்தில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் திரளுகிறார்கள். முடிவு 1 முதல் 5 வரையில் ஓர் எண்ணாக வருகிறது. 3 வாங்கினாலே தேர்ச்சி என்று காலேஜ் போர்டு சொல்லும், ஆனால் 4க்கோ 5க்கோ குறைந்தால் ஏற்பதில்லை என்று சொல்லும் கல்லூரிகள் பல. வகுப்பில் ஆசிரியர் கொடுக்கும் கிரேடு வேறு, மே மாதத் தேர்வில் வரும் எண் வேறு என்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் பிள்ளை செய்யவேண்டிய வேலை எத்தகையது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்த்தால்தான், எடுப்பதா விடுப்பதா என்ற யோசனைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் மாணவர்கள் டி.பி.க்யூ. என்று சொல்லும் ஒரு வினா உண்டு. ஏழு மூல ஆவணங்கள் மாணவன் முன் வைக்கப்படுகின்றன: எவரோ ஒருவர் எழுதிய கடிதம், மேடைப் பேச்சு ஒன்றிலிருந்து ஒரு பகுதி, பழைய பத்திரிகையில் வந்த கேலிச்சித்திரம், ஒரு சட்டத்தின் வாசகம், இப்படி. கால் மணி நேரத்தில் அவற்றைப் படித்து, மீதி முக்கால் மணியில், கேட்ட கேள்விக்குத் தன் சொந்த வாதத்தை ஒன்றிரண்டு வாக்கியங்களில் நிலைநாட்டி, ஆவணங்களை அதற்குச் சாட்சியாக நிறுத்தி, அந்தக் கடிதத்தை எழுதியவர் யார், யாரை நோக்கி எழுதினார், அவருக்கு அதில் என்ன லாபம் இருந்தது என்று எடைபோட்டு, ஆவணங்களில் இல்லாத ஒரு செய்தியையும் தன் ஞாபகத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்து, அவன் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தேதிகளை உருப்போட்டு ஒப்பிக்கும் பயிற்சி இங்கே உதவாது. அந்தப் பயிற்சியிலேயே வளர்ந்து வந்த பெற்றோர்களுக்கு, வரலாற்றில் எப்போதும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கும் தங்கள் பெண் இந்த வகுப்பில் முதல் மாதம் ஏன் தடுமாறுகிறாள் என்று விளங்காமற் போவதற்குக் காரணமும் அதுவே. ஆறு மாதப் பயிற்சிக்குப் பின், எந்தப் பத்திரிகைச் செய்தியைப் படித்தாலும் ‘இதை எழுதியவர் யார், ஏன் எழுதினார்?’ என்று கேட்கும் புத்தி அந்தப் பெண்ணுக்கு வந்துவிடுகிறது. அந்தப் புத்தி வாய்ப்பதற்காக ஒரு வருஷம் சிரமப்படுவது வீண் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே, கடினமான பாடத்தைப் படிப்பது நல்லதா என்ற கேள்விக்கு எனக்கு ஐயமே இல்லை, நல்லதுதான். அமெரிக்கக் கல்வித் துறைக்காக கிளிஃபர்ட் அடெல்மன் 1999இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஒருவர் கல்லூரிப் பட்டத்தை முடிப்பாரா மாட்டாரா என்பதை முன்கூட்டிச் சொல்வதில், மதிப்பெண்களையும் நுழைவுத் தேர்வையும் விட, உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்த பாடங்களின் கனமே அதிகப் பலமுள்ளது என்று காட்டியது. ஆனால் அதே காலத்தை ஒட்டி, 2004இல், கலிபோர்னியா சர்வகலாசாலை மாணவர்களை ஆராய்ந்த சால் கைசரும் மரியா வெரோனிகா சாந்தேலிசெஸும் கண்டது வேறொரு முக்கியமான உண்மை: பள்ளியில் எத்தனை ஏ.பி., ஆனர்ஸ் வகுப்புகளில் ஒரு மாணவன் உட்கார்ந்தான் என்பதற்கும் கல்லூரியில் அவன் எப்படிப் படித்தான் என்பதற்கும் சம்பந்தம் மிகச் சொற்பம். தேர்வில் அவன் எவ்வளவு நன்றாகச் செய்தான் என்பதற்கோ பலமான சம்பந்தம் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், வகுப்பில் இருந்தது பலன் தரவில்லை, பாடத்தில் தேறியதே பலன் தந்தது என்பது தெளிவாகிறது. ஏழு வகுப்பில் பெயரைப் பதிந்து ஏழிலும் அரைகுறையாக நிற்பவனைக் காட்டிலும், இரண்டை எடுத்து இரண்டையும் தன்னுடைமையாக்கிக்கொண்டவனே கல்லூரியில் ஊன்றி நிற்பான் என்று நான் சொல்வது இந்த ஆதாரத்தின் மேல்தான்.

பணத்தை மிச்சப்படுத்தலாம் என்பதும் பெற்றோர் சொல்லும் காரணங்களில் ஒன்று. பள்ளியிலேயே தேர்வு எழுதித் தேறினால், கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்து முடித்ததாகக் கணக்கில் கொள்ளும் கிரெடிட் கிடைத்து, ஒரு பருவமோ ஓராண்டோ கூட மிச்சமாகலாம். அமெரிக்கக் கல்லூரிச் செலவை அறிந்தவர்கள் இதை அலட்சியம் செய்ய மாட்டார்கள். டெக்சாஸும் இல்லினாயும் 2015இல் சட்டம் இயற்றி, 3 மதிப்புப் பெற்றவர்களுக்குத் தங்கள் அரசுக் கல்லூரிகள் கிரெடிட் வழங்க வழிசெய்தன. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. டார்ட்மத் கல்லூரி, 2014இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏ.பி.க்குக் கிரெடிட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது; மனோதத்துவத்தில் 5 வாங்கி வந்த மாணவர்களுக்கு அக்கல்லூரி தன் முதலாண்டுத் தேர்வையே சுருக்கி வைத்துப் பார்த்தபோது, தேறியவர்கள் பத்தில் ஒருவரே என்பது அந்த முடிவை ஒட்டிப் பெரிதும் பேசப்பட்டது. காலேஜ் போர்டு அந்தச் சோதனையை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், கல்லூரி தன் முடிவை மாற்றவில்லை. கால்டெக் கிரெடிட் தருவதில்லை. தன் மாணவர்களைத் தானே சோதித்துப் படி நிர்ணயிக்கிறது. எம்.ஐ.டி.யில் நுண்கணிதம் பி.சி. என்னும் பெரிய தேர்வில் 5 வாங்கியவர்களுக்கு முதல் நுண்கணிதப் பாடம் கழிந்துபோகிறது. ஆகையால் மாநிலத்து அரசுக் கல்லூரியில் படிக்கப் போகும் பிள்ளைக்கு ஏ.பி. மிச்சப்படுத்தித் தரும் பணம் மெய்யானது. பெரும்பெயர் பெற்ற தனியார் கல்லூரிகளை மனத்தில் வைத்திருப்பவர்கள் அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன், அந்தந்தக் கல்லூரியின் விதியைப் படித்துவிட வேண்டும்.

இனி, எல்லோரையும் வாட்டும் கல்லூரிப் பிரவேசத்தின் விஷயம். சாதாரண வகுப்பில் ஏ கிரேடு வாங்கினால் 4 புள்ளியென்றால், ஏ.பி. வகுப்பில் வாங்கும் ஏ கிரேடுக்குப் பல பள்ளிகள் 5 புள்ளி தருகின்றன. பி வாங்கினாலும் சாதாரண வகுப்பின் ஏக்குச் சமமாகிவிடுகிறது. இந்தக் கூடுதல் புள்ளிதான் எண்ணிக்கைப் பந்தயத்துக்குத் தூபம் போடுகிறது. ஆனால் கலிபோர்னியா சர்வகலாசாலையைப் பாருங்கள்: ஜி.பி.ஏ. எனப்படும் தன் சராசரிப் புள்ளிக் கணக்கில் எட்டுப் பருவங்களுக்கு மேல், அதாவது முழு ஆண்டு வகுப்பாகக் கணக்கிட்டால் நான்குக்கு மேல், கூடுதல் புள்ளி அது சேர்ப்பதேயில்லை. பிற கல்லூரிகளும் ஒரு மாணவன் எத்தனை ஏ.பி. எடுத்தான் என்பதைத் தனியாக எடுத்து நிறுத்தாமல், அவன் படித்த பள்ளியில் கிடைத்த பாடங்களில் அவன் எந்த அளவுக்குக் கடினமானதைத் தேடிப் போனான், போய் எப்படி நின்றான் என்பதைத்தான் பார்ப்பதாகச் சொல்கின்றன. பள்ளியின் கவுன்சிலர் அனுப்பும் விவரத்தில் அந்தப் பள்ளியில் என்னென்ன வகுப்புகள் உண்டு என்பதும் எழுதப்பட்டிருக்கும். ஏ.பி.யில் வாங்கும் பி நல்லதா, சாதாரண வகுப்பில் வாங்கும் ஏ நல்லதா என்று கேட்கும் பெற்றோருக்கு, ஏ.பி.யில் ஏ வாங்குவதே நல்லது என்ற பதிலைக் கல்லூரிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவதுண்டு. அந்தப் பதிலால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஏ.பி.யில் பி வரும் என்று தோன்றினால், அந்தப் பாடம் பிள்ளைக்குப் பிடித்ததாயிருக்கும் பட்சத்தில் துணிந்து எடுக்கலாம். சி வரும் என்று தோன்றினால், அஸ்திவாரத்தில் எங்கோ குறையிருக்கிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அஸ்திவாரம் என்று சொன்னேன். கணிதத்தில் இது மிகக் கூர்மையாகத் தெரிகிறது. முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், முன்நுண்கணிதம், நுண்கணிதம் என்று ஆண்டுக்கு ஒன்றாக அமெரிக்கப் பள்ளிகளில் கணிதம் ஏறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நுண்கணிதம் ஏ.பி. எடுக்க வேண்டுமானால், முதல் இயற்கணிதத்தை எட்டாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் தெரியும். பதினேழாம் வயதில் எடுக்கும் முடிவென்று நாம் நினைப்பது, உண்மையில் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே, பெரும்பாலும் பெற்றோருக்குத் தெரியாமல், எடுக்கப்பட்டுவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகள் 2014இல், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தை எடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் வைத்தன. பத்தாண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2024இல் அதைத் திரும்பக் கொண்டுவரத் தீர்மானித்தன. அவசரப்படுவதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் இரண்டு பெரிய சங்கங்கள் 2012இல் சேர்ந்து வெளியிட்ட ஓர் அறிக்கையில், பள்ளிக் கணிதத்தின் லட்சியம் பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுண்கணிதத்தை முடிப்பதன்று, கல்லூரியில் எந்தத் துறைக்குப் போனாலும் தாங்கக்கூடிய கணித அடிப்படையை அமைப்பதே என்று வற்புறுத்தின. பின்னங்களிலும் இயற்கணிதத்திலும் கை பழகாமல் நுண்கணிதத்துக்கு ஓடிவந்த பிள்ளை, வகைக்கெழு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டுவிடுகிறான். அதற்குப் பின் வரும் நான்கு வரி இயற்கணிதத்தில்தான் வழுக்கி விழுகிறான்.

அஸ்திவாரம் போட்டால் எவ்வளவு உயரக் கட்டலாம் என்பதற்குக் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. ஹைமே எஸ்கலாந்தே பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்து, அங்கே கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். அமெரிக்காவுக்கு வந்து, உணவகத்தில் கூலிவேலை செய்து, ஆங்கிலம் கற்று, மறுபடி படித்துப் பட்டம் வாங்கி, 1974இல் அந்தப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மெக்சிகோ வம்சத்து ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி அது. அங்கீகாரமே போய்விடும் நிலையில் இருந்தது. 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் நுண்கணிதத் தேர்வில் தேறினார்கள். தேர்வை நடத்தியவர்கள் அவர்களில் 14 பேரின் விடைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று சந்தேகித்தார்கள்; மறுதேர்வு எழுத ஒப்புக்கொண்ட 12 பேரும், குறுகிய காலத்தில் தயார் செய்து மறுபடி எழுதி, அத்தனை பேரும் தேறினார்கள். 1988இல் வந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ திரைப்படம் இந்தக் கதையை உலகறியச் செய்தது. ஆனால் படத்தைப் பார்ப்பவர்களுக்கு, ஓர் ஆசிரியரின் உத்வேகத்தால் ஒரே வருஷத்தில் நடந்த அற்புதம் என்று தோன்றும், நடந்தது அப்படியன்று. 1978இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு நுண்கணித வகுப்பைத் தொடங்கி, கீழ்வகுப்புகளில் இயற்கணிதத்தைச் சீர்ப்படுத்தி, கோடை விடுமுறையில் பக்கத்துக் கல்லூரியில் தனி வகுப்புகள் நடத்தி, பக்கபலமாக நின்ற தலைமையாசிரியரின் ஆதரவையும் சக ஆசிரியர்களின் உழைப்பையும் கொண்டு, வருஷக்கணக்காகப் படிப்படியாகக் கட்டியது அது. 1991இல் எஸ்கலாந்தே அந்தப் பள்ளியை விட்டு விலகியபின், தேறுபவர்களின் தொகை மளமளவென்று சரிந்தது. பிறவியிலேயே கெட்டிக்காரர்களுக்குத்தான் ஏ.பி. என்பவர்களுக்கும், யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்தால் போதும் என்பவர்களுக்கும், அந்த ஒரு பள்ளியே பதில் சொல்லுகிறது.

கார்ஃபீல்டின் பிள்ளைகளை நினைக்கும்போது, இந்தக் கட்டுரையில் நான் சொல்லிவரும் ஆலோசனை யாருக்கு என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. வசதியான புறநகர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, அது பெரும்பாலும் நம்மவர் பிள்ளையாகவே இருக்கும், ‘குறைத்துக்கொள்’ என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஏழைப் பகுதிப் பள்ளியிலும் சிறு கிராமத்துப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கோ, பல சமயங்களில் அந்த வகுப்பே இருப்பதில்லை. இருந்தாலும், ‘நீ எடுக்கலாமே’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று கவுன்சிலர்களின் தேசியச் சங்கம் சிபாரிசு செய்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அந்த அளவு தாண்டியே இருக்கிறது. பெயர் தெரியாத நானூறு பிள்ளைகளில், வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, உனக்கு உயிரியல் நன்றாக வருகிறது, ஏ.பி. எடு என்று சொல்ல அந்த மனிதருக்கு அவகாசம் எங்கே? தன் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவர் ஒருவருமில்லாத அந்தப் பெண்ணுக்கு, நான் தயங்காமல் ‘எடு’ என்பேன். முதல் பருவத்தில் சறுக்கினாலும் ‘விடாதே’ என்பேன். ஒரே கேள்விக்கு இரண்டு பிள்ளைகளுக்கு நேர்மாறான இரண்டு பதில்கள் சொல்வதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒருத்திக்கு வழி திறக்க வேண்டும். மற்றவளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

மூச்சுவிடும் இடமென்பது பொழுதைப் பற்றியது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்களின் முடிவு. காலையில் ஏழரைக்கோ எட்டுக்கோ மணியடிக்கும் பள்ளிக்கு ஆறரைக்கு எழவேண்டிய பிள்ளை, இரவு பத்தரைக்குள் படுத்தால்தான் எட்டு மணியாவது தேறும். பள்ளி முடிந்து, நீச்சலோ வயலினோ விவாதக் குழுவோ முடிந்து வீடு வரும்போது ஆறு மணி என்றால், சாப்பாடு, குளியல் போக எஞ்சுவது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு ஏ.பி. வகுப்புக்கு இரவில் முக்கால் மணி முதல் ஒரு மணி வரை வேலை வரும் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்று அடங்கும், மற்ற பாடங்களுக்கு இடமிருக்காது. ஐந்து அடங்கவே அடங்காது. அடங்காததை அடக்குவதற்குப் பிள்ளைகள் பிடிக்கும் வழி தூக்கத்தைக் குறைப்பதுதான். படிவத்தில் கையெழுத்திடும் முன், ஒரு காகிதத்தை எடுத்து, வாரத்தின் ஏழு நாட்களையும் மணிவாரியாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோரின் ஆயிரம் உபதேசத்தைவிட அந்தக் காகிதம் தெளிவாகப் பேசும்.

எப்படித் தீர்மானிப்பது என்பதில் நான் அனுபவத்தில் நல்லதென்று கண்ட முறை மிக எளிது. அந்தப் பாடத்தைக் கடந்த ஆண்டு படித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் பேச வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர் யார், வாரத்துக்கு எத்தனை பக்கம் படிக்க வேண்டும், எத்தனை எழுத வேண்டும் என்று கேட்க வேண்டும். பழைய விரிவிடை வினாத்தாள்களைக் காலேஜ் போர்டே வெளியிடுகிறது. அவற்றில் ஒன்றைப் பிள்ளையின் முன் வைத்து, விடை தெரிகிறதா என்று பார்க்காமல், படிக்கும்போது முகத்தில் ஆவல் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும். பிறகு பேச்சு. அதுவும் மேலிருந்து கீழே இறங்கும் பேச்சாக இருக்கக் கூடாது. “அப்பா, எனக்குக் கெமிஸ்ட்ரி பிடிக்கலை, ஹிஸ்டரிதான் பிடிக்குது” என்று பெண் சொன்னால், “ஹிஸ்டரி படிச்சு என்னம்மா பண்ணப்போறே?” என்று கேட்கத் துடிக்கும் நாவை அப்பா அடக்கிக்கொள்ள வேண்டும், “ஹிஸ்டரியில உனக்கு எது பிடிச்சிருக்கு, சொல்லும்மா” என்று கேட்டால், அவள் சொல்லும் விடையிலேயே எடுக்கலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அடங்கியிருக்கும். பௌதிகத்தையும் ரசாயனத்தையும் நுண்கணிதத்தையும் கௌரவப் பாடங்களாகவும், வரலாற்றையும் இலக்கியத்தையும் பொழுதுபோக்காகவும் கருதும் மனோபாவம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. அதனால் நஷ்டப்படுபவர்கள் நம் பிள்ளைகளே.

ஏ.பி. ஒன்றே வழி என்பதும் இல்லை. உள்ளூர்க் கல்லூரியில் நேரே போய்ப் படித்துக் கிரெடிட் வாங்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் உண்டு. ஜெனீவாவில் 1968இல் தோன்றிய ஐ.பி. என்னும் சர்வதேச முறையை நடத்தும் பள்ளிகளும் உண்டு. ஆறு பாடங்களோடு 4,000 சொற்களில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் அதில் எழுதவேண்டும். நியூயார்க் மாநிலத்து ஸ்கார்ஸ்டேல் போன்ற சில வசதியான பள்ளிகளும், 2018இல் சேர்ந்து அறிவித்த வாஷிங்டன் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் எட்டும், தங்கள் ஆசிரியர்களே வகுத்த ஆழ்ந்த பாடங்களை நடத்துவதற்காக ஏ.பி.யை விட்டுவிட்டன. கல்லூரிகள் அந்தப் பள்ளிகளின் பெயரை அறியும் என்பதால் அவற்றுக்கு அந்தத் துணிவு சாத்தியமாயிற்று. பெயர் தெரியாத ஊர்ப் பள்ளிக்கு, தன் மாணவனின் தரத்தை நாட்டுக்கு எடுத்துக்காட்ட ஏ.பி. தேர்வே இன்னும் நல்ல சாட்சியாக இருக்கிறது.

கடைசியாக, படிவத்தில் எழுதியது சிலாசாசனம் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பல பள்ளிகளில் கோடை விடுமுறைக்கு முன் மாற்றிக்கொள்ளலாம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபின்னும் சில வாரங்களுக்குள் பதிவேட்டில் தடயமில்லாமல் வேறு வகுப்புக்கு மாறலாம். அந்தக் கெடு எந்தத் தேதி என்பதை முதல் நாளே கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பை எடுத்தவன் மே மாதத் தேர்வை எழுதியே தீரவேண்டுமென்று காலேஜ் போர்டு நிர்ப்பந்திப்பதில்லை, சில பள்ளிகள் வற்புறுத்தலாம். வகுப்பே இல்லாத பள்ளியிலுள்ள பிள்ளை தானாகப் படித்து, தேர்வு நடக்கும் வேறொரு பள்ளியில் இடம் கேட்டு எழுதவும் செய்யலாம். தேர்வின் மதிப்பு மாணவன் கேட்டால்தான் கல்லூரிக்குப் போகும். ஜூன் 20க்குள் ஒரு கல்லூரியின் பெயரைக் குறித்துக் கொடுத்தால், அந்த ஆண்டு அந்த ஒன்றுக்கு இலவசமாக அனுப்பிவைப்பார்கள். 2 வாங்கிவிட்டோமே என்று ஜூலையில் அழும் பிள்ளைக்கு, அந்த எண்ணை எவரும் பார்க்கவேண்டிய கட்டாயமில்லை என்பதையும், அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முதலிலிருந்து, இன்னொரு ஆசிரியரிடம், முன்பே பழகிய காதுகளோடு கேட்கலாம் என்பதையும், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.